தூண்மேல் போட்ட பழி

பெரியப்பா வண்டியை வீட்டுக்குள் ஏற்றும்போதெல்லாம் இடது கைப்பிடி கேட் தூணில் உரசும். முதலில் கைப்பிடி ரப்பர் கிழிந்தது. அப்புறம் பக்கத்துக் கண்ணாடி உடைந்தது. மூன்றாவது தடவை விரல் முட்டி தேய்ந்து ரத்தம் வந்ததும், "அளவு தெரியாதவன் கட்டின கேட்டு" என்று கொத்தனாரை வரவழைத்து, தூணை ஓர் அடி தள்ளிக் கட்டச் சொல்லிவிட்டார். சிமென்ட், கம்பி, கூலி என்று பதினோராயிரம் ரூபாய் ஆனது. தூண் தள்ளிப்போன பிறகும் வண்டி உரசியது.

நாலு மாதம் கழித்து, படிக்கிற கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம் என்று போன இடத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. இடது கண்ணில் பார்வை நரம்பு முக்கால்வாசி போய்விட்டது, வலது கண்ணிலும் ஓரம் தேயத் தொடங்கியிருக்கிறது என்றார் டாக்டர். கண்நீர் அழுத்த நோய், அதாவது குளுக்கோமா. பெரியப்பா நம்பவில்லை. "பேப்பர் படிக்கிறேன். சந்தையில முத்தின வெண்டைக்காயை ஒதுக்கி எடுக்கிறேன். ஒரு நாள் வலிச்சதில்ல, செவந்ததில்ல. நரம்பு எப்படிங்க போகும்?"

நியாயமான கேள்வி. கண் நலம் என்று பேச்செடுத்தாலே கேரட், பொன்னாங்கண்ணி, கண்ணுக்குப் பயிற்சி, குளிர்ந்த நீரில் கழுவுவது என்று ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. பெரியப்பா அந்தப் பட்டியலில் பாதியை ஒழுங்காகச் செய்தவர். அவர் ஏமாந்தது வேறொரு இடத்தில். பல் சொத்தையானால் வலி தூங்கவிடாது. வயிறு கெட்டால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பார்வையை நிரந்தரமாகப் பறிக்கும் வியாதிகளில் பலவற்றுக்கு வலியே கிடையாது. "எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சாட்சியைக் கண் மட்டும் சொல்வதில்லை, மூளையும் சேர்ந்து சொல்கிறது. மூளைக்கு ஓட்டையை ஒட்டுப்போட்டு மறைக்கும் பழக்கம் உண்டு.

சந்தேகம் இருந்தால் இப்போதே பார்த்துவிடலாம். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கட்டைவிரல்களைச் சேர்த்து நிமிர்த்துங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் இடது கட்டைவிரலையே பாருங்கள். பார்வையை நகர்த்தாமல் வலது கையை மட்டும் மெதுவாக வலப்பக்கம் விலக்குங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் வலது கட்டைவிரலின் நுனி காணாமல்போகும். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் திரும்பி வரும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. அந்த ஓட்டை பிறந்ததிலிருந்து நம் எல்லோருக்கும் இருக்கிறது. ஒரு நாளாவது அது கறுப்புப் புள்ளியாகத் தெரிந்திருக்கிறதா? சுற்றியிருப்பதை வைத்து மூளை நிரப்பிவிடுகிறது. நோய் புதிதாகப் போடும் ஓட்டைகளையும் அதே போல நிரப்பும். ஒரு கண்ணில் விழுந்ததை இன்னொரு கண் ஈடுகட்டும். இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில் விழுந்த பிறகுதான் தூண் நம்மேல் மோத ஆரம்பிக்கும்.

அழுத்தம் எங்கே ஏறுகிறது?

கண்ணின் முன்பகுதியில் ஒரு திரவம் ஓயாமல் சுரந்து, ஓரத்திலுள்ள வடிகால் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. நாம் அழும்போது வருகிற கண்ணீர் வேறு, இது வேறு. வடிகால் அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடும். பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை சரியான அளவு என்பார்கள். ஆனால் 21-க்குள் இருந்தும் நரம்பு தேய்கிறவர்கள் உண்டு. ஆகவே 'பிரஷர் நார்மல்' என்ற ஒரு வரியோடு எழுந்து வந்துவிடக் கூடாது. "நரம்பைப் பார்த்தீங்களா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கண்ணாடிக் கடையில் மோவாயை வைத்து, உள்ளே பலூன் படம் பார்த்து எழுந்து வருகிறோமே, அந்த 'கம்ப்யூட்டர் செக்கப்' கண்ணாடிக்கு என்ன பவர் என்று மட்டும்தான் சொல்லும். நரம்பைப் பற்றியோ விழித்திரையைப் பற்றியோ அந்த இயந்திரம் மூச்சுவிடாது. அதை முழுக் கண் பரிசோதனை என்று நினைத்துக்கொள்வதுதான் நம் ஊரில் படித்தவர்களே செய்யும் பெரிய தவறு. பெரியப்பா பத்து வருடம் அப்படித்தான் கண்ணாடி மாற்றினார்.

குளுக்கோமா குடும்பத்தில் ஓடும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும். பெரியப்பாவுக்குத் தெரிந்ததும் அவர் பிள்ளைகளான அண்ணனும் அக்காவும் போய்ப் பார்த்தார்கள். அக்காவுக்கு அழுத்தம் கூடுதலாக இருந்தது, நரம்பு பத்திரமாக இருந்தது. இப்போது தினமும் இரவு ஒன்பது மணிக்கு, சீரியல் முடிந்ததும், ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு. போன பார்வையை எந்த மருந்தும் திருப்பித் தராது. இருப்பதைக் காப்பாற்றத்தான் இந்தச் சொட்டு. "ஒரு நாள் விட்டா என்ன?" என்று கேட்கிறவர்களுக்கு அக்கா பெரியப்பாவைக் கைகாட்டுகிறாள்.

சொட்டு மருந்து விடுவதிலும் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. அண்ணாந்து, கீழ் இமையை இழுத்துப் பை போலாக்கி, அதில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் நுனி இமையில் படக் கூடாது. விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கி வாய் கசக்கும். இரண்டு மருந்து என்றால் நடுவே ஐந்து நிமிட இடைவெளி. பெரும்பாலான பாட்டில்கள் திறந்து ஒரு மாதம்தான் தாங்கும். திறந்த தேதியைப் பேனாவால் பாட்டிலிலேயே எழுதிவைப்பது அக்காவின் வழக்கம்.

மருந்து விட்டு உட்காரும் கூடம்

பெரிய கண் ஆஸ்பத்திரி எதிலும் ஒரு கூடம் உண்டு. இருபது முப்பது பேர் வரிசையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். கையில் ஒரு துண்டுப் பஞ்சு. நர்ஸ் ஒவ்வொருவராக இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்து, "இன்னும் விரியலை, இன்னொரு சொட்டு" என்று விட்டுக்கொண்டே போவார். திறந்து பார்க்கிறவர்களுக்கு அதட்டலும் கிடைக்கும். கண்ணின் பாப்பாவை அகல விரித்தால்தான் உள்ளே விழித்திரை முழுவதையும் பார்க்க முடியும். உடம்பின் ரத்தக் குழாய்களை, கீறாமல் கிழிக்காமல், ஒரு டாக்டர் நேருக்கு நேர் பார்க்கக்கூடிய ஒரே இடம் அது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்தக் கூடம்தான் முக்கியம். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. சர்க்கரை விழித்திரையின் நுண்குழாய்களைக் கசியவைக்கும், அடைக்கும், பிறகு புதிதாக வலுவில்லாத குழாய்களை முளைக்கவைக்கும். அவை உடைந்தால் உள்ளே ரத்தம். அதுவரை எழுத்து பளிச்சென்று தெரிந்துகொண்டே இருக்கலாம் என்பதுதான் கொடுமை. 'சர்க்கரை இருக்கு' என்று சொன்ன உடனேயே ஒரு தடவை, பிறகு தெளிவாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒரு தடவை, மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். நாற்பது வயதுக்கு முன்னால் சிலருக்கு வரும் முதல் வகைச் சர்க்கரையில் மட்டும் சில ஆண்டு அவகாசம் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகை. அது கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல வருடம் முன்பே வந்திருக்கும்.

போகிற அன்று வண்டி எடுத்துப் போகாதீர்கள். விரித்த பாப்பா சுருங்கச் சில மணி நேரம் ஆகும். வெயில் கூசும், செல்போன் எழுத்து தெரியாது. பஸ்ஸில் போங்கள், அல்லது மகனையோ மருமகளையோ கூட்டிப் போங்கள். 'இந்தத் தொல்லைக்குத்தான் போறதில்ல' என்று சொன்ன ஒருவரை அதே கூடத்தில் சந்தித்தேன். லேசர் சிகிச்சைக்கு மூன்றாவது முறையாக வந்திருந்தார்.

அந்தக் கூடங்களைத் தமிழ்நாட்டில் சாதாரண ஜனங்களுக்குத் திறந்துவிட்டதில் ஒரு மனிதருக்குப் பெரும் பங்கு. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் அறுவைக் கத்தியைப் பிடிக்கக் கைகளைப் பழக்கியவர். அரசுப் பணியில் ஓய்வுபெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-ல் அவர்களே ஆரோலேப் என்ற ஆலையை வைத்து கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் செய்யத் தொடங்கியதும், அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த அந்தச் சரக்கின் விலை சடசடவென இறங்கியது. புரை எடுத்தவர்கள் சோடாபுட்டிக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த காட்சி நம் ஊர்களிலிருந்து மறைந்ததற்கு இந்த லென்ஸ்தான் காரணம். 'புரை முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்' என்ற பேச்சும் அந்தக் காலத்தோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. இப்போது முற்றக் காத்திருக்கத் தேவையில்லை. அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்றாலே எடுத்துவிடலாம். ரொம்ப முற்றவிட்டால் அறுவைதான் சிக்கலாகும்.

நாற்பதுக்கு ஒரு பெயர்

செல்போனைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தால் வெள்ளெழுத்து வந்துவிட்டது என்று பொருள். தென் மாவட்டத்துப் பெரியவர்கள் சாளேஸ்வரம் என்பார்கள். ஏதோ ஈஸ்வரன் பெயர் போலிருக்கும். மராத்தியில் நாற்பதுக்குச் சாளீஸ் என்று பெயர். படிக்கிற கண்ணாடியையே அங்கே சாளிஷி என்பார்கள். வயதே வியாதிக்குப் பெயராகிவிட்டது. வியாதி என்றுகூடச் சொல்லக் கூடாது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகுவதால் கிட்டப்பார்வைக்கு வளைந்துகொடுக்க மறுக்கிறது, அவ்வளவுதான். எல்லோருக்கும் வரும்.

"கண்ணாடி போட்டா பவர் ஏறிடும், முடிஞ்சவரைக்கும் தள்ளிப்போடு" என்று ஓர் உபதேசம் சுற்றிக்கொண்டிருக்கிறது. போட்டாலும் போடாவிட்டாலும் லென்ஸ் தன் போக்கில் இறுகிக்கொண்டுதான் இருக்கும். போடாவிட்டால் மிச்சம் தலைவலி. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களிடம் ஒரு சோதனை செய்து 2018-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு உடனே படிக்கிற கண்ணாடி கொடுத்தார்கள், பாதிப் பேருக்குப் பிறகு. கண்ணாடி பெற்றவர்கள் மற்றவர்களைவிட நாளொன்றுக்கு சுமார் 5 கிலோ கூடுதலாக இலை பறித்தார்கள். கிட்டத்தட்ட 22 சதவீதம். எழுதப் படிக்கிற வேலைக்குத்தான் கண்ணாடி என்ற நினைப்புக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. கட்டு கட்டாகப் பூத் தொடுக்கிறவர், பீடி சுற்றுகிறவர், ஜாக்கெட் தைக்கிறவர், அரிசியில் கல் பொறுக்குகிற நம் அம்மா, எல்லோருக்கும் கிட்டப்பார்வைதான் பிழைப்பு. ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடும் பாட்டிக்குத் தேவைப்படுவதெல்லாம் நூறு இருநூறு ரூபாய்க் கண்ணாடி. அப்பாவுக்கு உடனே வாங்கி, அம்மாவுக்கு 'அடுத்த மாசம்' என்கிற வீடுகள் ஏராளம்.

கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்ட பீரியட்

பிள்ளைகளின் கண்ணாடிக்கு டிவியைத் திட்டுவோம், இப்போது செல்போனைத் திட்டுகிறோம். கிட்டத்தில் வைத்து வெகுநேரம் பார்ப்பது கெடுதல்தான். ஆனால் ஆய்வுகள் அதைவிடத் தெளிவாகச் சொல்வது வெளிச்சத்தைப் பற்றி. சீனாவின் குவாங்சூ நகரப் பள்ளிகளில் ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு வைத்தார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் 30 சதவீதம் பேருக்குத் தூரத்துப் பொருள் மங்கித் தெரியும் குறை வந்தது. வழக்கம்போல உள்ளேயே இருந்தவர்களில் 39 சதவீதத்துக்கு மேல். 2015-ல் வந்த முடிவு இது. தைவானில் தினம் இரண்டு மணி நேரம் பிள்ளைகள் வெளியே இருக்க வேண்டும் என்று பள்ளிகளுக்கே திட்டம் போட்டார்கள். வகுப்பறையில் வெளிச்சம் சில நூறு லக்ஸ், வெளியே வெயிலில் பத்தாயிரத்துக்கு மேல். மர நிழல்கூட வகுப்பறையைவிடப் பல மடங்கு வெளிச்சம். அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமைனைச் சுரக்கவைத்து, கண் பந்து நீளமாக வளர்வதைத் தடுக்கிறது என்று கருதுகிறார்கள்.

நம் பள்ளிகளில் என்ன நடக்கிறது? பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். பத்தாம் வகுப்பு வந்தால் அது அட்டவணையிலேயே இருக்காது. கண்ணாடி போட்ட பிள்ளைகள் பெருகுவதில் இதற்குப் பங்கில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்பதோடு இதையும் கேளுங்கள்.

இன்னொன்று, மாறுகண். 'அதிர்ஷ்டம்' என்று விட்டுவிடுகிறார்கள். சின்ன வயதில் ஒரு கண் விலகியிருந்தால் மூளை அந்தக் கண்ணின் படத்தை ஒதுக்க ஆரம்பித்து, கண் நன்றாக இருந்தும் பார்வை வளராமல் போகும். ஏழெட்டு வயதுக்குள் கவனித்தால் பெரும்பாலும் மீட்கலாம். அதிர்ஷ்டத்துக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம்.

செல்போன் விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் இதில் சொல்வதற்கு அதிகமில்லை. திரையைப் பார்க்கும்போது இமைக்க மறக்கிறோம். அதனால் கண் உலர்ந்து எரிகிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இருபது அடி தள்ளி எதையாவது இருபது விநாடி பாருங்கள். ஃபேன் காற்றும் ஏசி காற்றும் நேரே முகத்தில் அடிக்காமல் நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று கூடுதலாக வாங்குகிறார்களே, அதனால் கண் களைப்பு குறைவதாகத் தெரியவில்லை என்று 2023-ல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லிவிட்டது. அந்தப் பணத்துக்கு முருங்கைக்கீரை வாங்கலாம். கீரை விஷயத்திலும் ஒரு வார்த்தை: அதிலுள்ள சத்து எண்ணெயில் கரைவது. வெறுமனே வேகவைத்துச் சாப்பிடாமல் ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்துச் சாப்பிட்டால்தான் உடம்பில் ஒட்டும். மாலைக்கண் வராமல் காக்கும், நல்லது. ஆனால் கீரை தின்று கண்ணாடி கழன்றவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

தூசி விழுந்தால்

கதிர் அடிக்கும்போது நெல்லின் சொங்கு கண்ணில் பாய்ந்துவிடும். உடனே ஒருவர் சேலை முந்தானையைத் திரித்து எடுப்பார். சில ஊர்களில் நாக்கு நுனியால் எடுத்துவிடும் 'கைராசிக்கார' பாட்டிகள் இருப்பார்கள். அப்புறம் தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு. பாசம் புரிகிறது. ஆனால் கருவிழியில் ஒரு கீறல் போதும், அதில் கிருமி குடியேற. 1994-ன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்துக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்டவற்றில் ஏறத்தாழப் பாதி பூஞ்சைக் காளான். காளான் புண்ணில் மருந்துக் கடையில் 'சிவப்புக்கு' என்று கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டை விட்டால் நெருப்பில் எண்ணெய். அதே சொட்டை அரிப்புக்கென்று பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் விட்டு, புரையும் குளுக்கோமாவும் வரவழைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. சீட்டு இல்லாமல் கண் சொட்டு வாங்காதீர்கள். பழைய சீட்டும் சீட்டாகாது. பக்கத்து வீட்டுக்காரர் சீட்டும் ஆகாது.

சுண்ணாம்பு பட்டால் கதையே வேறு. வெற்றிலைப் பெட்டியில் கிடக்கும் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிள்ளைகள் அமுக்கி விளையாடும்போது கண்ணுக்குள் பீய்ச்சியடிக்கும். ஆட்டோ பிடிப்பதற்கு முன்னால் குழாயடிக்குக் கொண்டுபோய், இமையை விரித்து, குறைந்தது இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். துகள் இருந்தால் ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டே கழுவுங்கள். ஆஸ்பத்திரி அடுத்ததுதான். அந்த இருபது நிமிடத்தில்தான் கண் தப்புவதும் போவதும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒன்றும் செய்யத் தோன்றாவிட்டால், ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். காலையில் தேதி கிழிக்கும்போது உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடி, காலண்டர் தாளில் உள்ள ராசிபலனைப் படியுங்கள். பிறகு மற்ற கண்ணால். அப்படியே திரும்பி ஜன்னல் கம்பியையும் ஒவ்வொரு கண்ணாகப் பாருங்கள். ஒரு கண்ணுக்கு எழுத்து மங்கினாலோ, நேரான கம்பி நெளிந்து தெரிந்தாலோ அன்றே கிளம்ப வேண்டும். திடீரென்று மின்னல் வெட்டுவது போல ஒளி, கொசு மொய்ப்பது போலப் புள்ளிகள், திரை இறங்குவது போல நிழல் என்றால் விழித்திரை பிய்ந்திருக்கலாம். அதற்கு மறுநாள் காலை என்ற அவகாசமும் கிடையாது. ஆனால் இந்த வீட்டுச் சோதனை குளுக்கோமாவைத் தொடக்கத்தில் பிடிக்காது. அதற்கு நாற்பது வயதில் ஒரு தடவை முழுப் பரிசோதனை, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில்.

பெரியப்பா இப்போது வண்டி ஓட்டுவதில்லை. காலையும் மாலையும் சொட்டு விட்டுக்கொள்கிறார். வலது கண் அப்படியே நிற்கிறது. அவருடைய அம்மா, அதாவது எங்கள் அப்பத்தா, கடைசிக் காலத்தில் 'வயசாகி' கண் தெரியாமல் போனவர். அது என்னவென்று யாரும் பார்க்கவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி யாராவது இருந்திருந்தால், அடுத்த முறை கண் டாக்டர் முன்னால் உட்காரும்போது அதை முதலில் சொல்லிவிடுங்கள்.